மாஸ்டரின் இடுப்பளவு

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் இருக்கும்போது நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ‘என்னங்க’ ஆகிவிடுவார். பேன்ட், சட்டை, கோட்டு தைக்கும் கடை எங்களுடையது. அவர் வெட்டுவார், தைப்பார். நான் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பேன், ஹெம்மிங் பண்ணுவேன், பட்டன் வைப்பேன், பிரிக்க வேண்டிய தையலைப் பிரிப்பேன், வருகிறவர்களிடம் வாய் கொடுப்பேன். இந்தக் கடைசி வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை.

அவருக்குக் கண்ணாலேயே அளவெடுக்கிற கெத்து ஒன்று உண்டு. ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, “இடுப்பு முப்பத்தாறு, தோள் பதினெட்டு, இடது தோள் கொஞ்சம் இறக்கம்” என்று முணுமுணுப்பார். அப்புறம் டேப்பை வைத்துப் பார்த்தால் அரை இஞ்ச் பிசகாது. இந்தத் தெருவில் யாருக்குத் தொப்பை வந்தது, யாருக்கு முதுகு வளைந்தது என்று அவரவர் பெண்டாட்டிக்கு முன்னால் இவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனுஷன் தன் இடுப்பில் கோட்டை விட்டார். கூடவே நானும் விட்டேன். எப்படி விட்டோம் என்றுதான் சொல்லப் போகிறேன்.

எங்கள் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. டேப்பைக் கையில் எடுத்தால் நோட்டில் எழுதியாக வேண்டும். கெட்டி அட்டை போட்ட அளவு நோட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அவர் எண்ணைச் சொல்ல, நான் தேதி போட்டு எழுதுவேன். அவர் கையெழுத்தை மறுநாள் அவராலேயே படிக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. புது அளவு எழுதியதும் அதற்கு மேலே இருக்கும் பழைய வரியின் மேல் ஒரு கோடு இழுத்துவிடுவேன். வெட்டுகிற அவசரத்தில் கண் தவறிப் பழைய வரிக்குப் போய்விட்டால் துணி பாழாகிவிடும் அல்லவா? அதனால் எங்களுக்குக் கடைசி வரி மட்டும்தான் வரி. மேலே இருப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நோட்டின் முதல் பக்கம் மாஸ்டருடையது. சட்டம் போட்டவருக்கும் சட்டம் உண்டு.

போன வருஷக் கடைசியில் ஒரு நாள் காலையில், “இந்தா, இந்த பேன்ட் இடுப்புல அரை இஞ்ச் பிடிக்கணும். லூஸா இருக்கு” என்றார். அவர் அளவு சொன்னார், நான் எழுதினேன், மேல் வரியை அடித்தேன், தையலைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஒன்றரை மாதத்தில் மறுபடியும் பிடித்தோம். அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவை.

மற்ற ஆம்பிளையாக இருந்தால் பேன்ட் நழுவும். பெல்ட்டில் புது ஓட்டை போடுவான். ஆபீசில் நாலு பேர் “என்னய்யா தொளதொளன்னு” என்று கேட்பார்கள். இவருக்கு அந்த வழியே இல்லை. தையல்காரனின் உடம்பில் துணி தொளதொளப்பதா? கௌரவம் என்ன ஆவது? உடம்பு எவ்வளவு இளைத்தாலும் துணி அன்றைக்கே கூடவே இளைத்துவிடும். பார்க்கிறவர்களுக்கு ஆள் கச்சிதமாகத் தெரிவார்.

என் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், “அண்ணாவுக்குப் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு! அண்ணி, என்ன போட்டு இப்படி ஆக்குனீங்க?” என்று கேட்டாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்றும் போடவில்லை, முன்பைவிட ஒரு பங்கு கூடவே சாப்பிடுகிறார் என்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “எல்லாம் என் கைவரிசைதான்” என்று பெருமையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அடையாளங்கள் வரிசை கட்டி நின்றன. நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து அனுப்பி வைத்தோம். மெஷின் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்த இடத்தில் மூன்று பாட்டில்கள் வந்தன. இஸ்திரிப் பெட்டிச் சூடு என்றார். அடிக்கடி எழுந்து பின்பக்கம் போனார். அவ்வளவு தண்ணி குடித்தால் போகாமல் என்ன செய்யும் என்றேன் நான். ஊசிக்கு நூல் கோக்கும்போது கண் மங்கியது. வயசாகிறது, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம்.

பெரிய கூத்து மெஷின் பெடலில் நடந்தது. எங்களுடையது மோட்டார் மெஷின். வலது காலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். காலர் முனையில் வந்து ஒரு தையல் முன்னே பின்னே போகாமல் நிறுத்துவதில்தான் அவர் திறமையே இருக்கிறது. திடீரென்று அந்த முனைகளில் இரண்டு மூன்று தையல்கள் தாண்டி ஓட ஆரம்பித்தன. “பெடல் சரியில்ல. கால வச்சா அழுந்துச்சா இல்லையான்னே தெரியல” என்று திட்டினார். எண்ணெய் போட்டோம். அப்புறம் பெடலையே மாற்றினோம். புதுப் பெடலையும் திட்டினார். காலைப் பற்றி இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

கடைக்குள் அவர் வெறுங்காலோடுதான் நடப்பார். தையல் கடைத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? எங்கே பார்த்தாலும் குண்டூசி. முன்பெல்லாம் குத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். கொஞ்ச நாளாக அந்தச் சத்தமே இல்லை. “முப்பது வருஷ கால்டி இது. தோல் காய்ச்சுப்போச்சு. இனிமே ஆணியே குத்தினாலும் உறைக்காது” என்று அதற்கும் பெருமை அடித்துக்கொண்டார். நானும் கேட்டுச் சிரித்தேன்.

டாக்டரிடம் போவது என்பது அவர் அகராதியில் இல்லை. தெரு முனையில் இருக்கும் டாக்டரம்மா எங்கள் குடும்பத்தை இருபது வருஷமாகப் பார்க்கிறவர். நான் வருஷத்துக்கு ஒரு தடவை போய் பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்துக்கொண்டு வந்துவிடுவேன். திரும்பி வந்தால் இவர், “உனக்கு உடம்புக்கு என்ன?” என்பார். ஒன்றுமில்லை என்பேன். “ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குப் போன? நல்லா இருக்கிற சட்டையை யாராவது தைக்கக் கொண்டு வருவாங்களா?” என்று கேட்டுவிட்டு, பெரிய வக்கீல் மாதிரி என்னைப் பார்ப்பார். அவர் கடைசியாக டாக்டரிடம் போனது எட்டு வருஷத்துக்கு முன்னால், காது அடைத்துக்கொண்டபோது. அதுவும் நான் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று நான் இழுத்துக்கொண்டு போனதுதான்.

அன்றைக்கு ஒரு புதன்கிழமை. முதல் நாள் சாயங்காலம் கடையைப் பெருக்கிவிட்டு, வழக்கம்போலக் காந்தக் கட்டியைத் தரையில் இழுத்துக் குண்டூசிகளை எடுத்து எண்ணினேன். ஊசி குத்தி வைக்கிற குட்டி மெத்தையில் நாற்பது இருக்க வேண்டும். முப்பத்தொன்பதுதான் இருந்தது. கோட்டு ஏதாவதில் மாட்டிக்கொண்டு போய் யாரையாவது குத்திவைத்தால் என்ன செய்வது என்று தொங்கவிட்டிருந்த துணியை எல்லாம் உதறிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்த யோசனையோடு மறுநாள் உட்கார்ந்திருந்தபோது, “இன்னும் ஒரு இஞ்ச் பிடிக்கணும் போலிருக்கே. எழுது, முப்பத்து நாலு” என்றார்.

எழுதப் போனால் அவர் பக்கம் நிறைந்துவிட்டது. வெட்டும் மேஜையில் அவர் துணியை விரித்துக்கொண்டிருக்க, நான் புதுப் பக்கம் திருப்பி, நீளம், தொடை, முட்டி எல்லாவற்றையும் பழைய பக்கத்திலிருந்து பார்த்து எழுத ஆரம்பித்தேன். அப்போதுதான் என் கண் அடித்த வரிகளின் மேல் போயிற்று. கல்யாணமான வருஷம் முப்பத்திரண்டு. அங்கிருந்து முப்பத்தெட்டுக்கு வர அவருக்கு இருபத்தாறு வருஷமும் ஒன்பது வரிகளும் ஆகியிருந்தன. அதற்குக் கீழே முப்பத்தேழரை, முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்தைந்து. இப்போது முப்பத்து நாலு. எல்லாம் பத்து மாதத்துக்குள். எல்லாம் என் கையெழுத்து. எல்லாவற்றின் மேலும் நானே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருந்தேன்.

பயந்துவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. நோட்டிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன். துணியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தேன். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மோதிரத்தில் நூல் சுற்றியிருந்தார். அதை எப்போது சுற்றினார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நேராகச் சொன்னால் இந்த மனுஷன் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். மேலே எழுதியிருந்த அவர் பெயரை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

“மாஸ்டர், ஒரு கஸ்டமர் பக்கம் பார்த்துட்டிருக்கேன். பத்து மாசத்துல இடுப்பு நாலு இஞ்ச் குறைஞ்சிருக்கு.”

“டயட்டு, ஜிம்முன்னு ஏதாவது போயிருப்பான்.”

“போகல. முன்னைவிட நல்லாவே சாப்பிடறாராம்.”

கத்தரிக்கோல் நின்றது. “நல்லா சாப்பிட்டும் இறங்குதா? வயசு என்ன?”

“உங்க வயசுதான்.”

“அது நல்லதுக்கில்லையே. துணி சொல்லுதுன்னா சும்மா சொல்லாது. நாலு இஞ்ச்னா விளையாட்டா? அவன் பெண்டாட்டி என்ன பண்றா, கண்ணை மூடிட்டு இருக்காளா? உடனே டாக்டர்கிட்ட போகச் சொல்லு. போன் நம்பர் இருந்தா இப்பவே போடு. யாரு அது?”

நான் கையை எடுத்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பெயரைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். பிறகு மறுபடியும் மேலே போனார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து இடுப்பில் தானே சுற்றிப் பார்த்துவிட்டு, “முப்பத்து நாலுதான்” என்றார்.

“அவர் பெண்டாட்டி கண்ணைத் திறந்துட்டா. கிளம்புங்க.”

“அந்தக் கோட்டு நாளைக்குக் குடுக்கணும்...”

“கோட்டு காத்துக்கிட்டு இருக்கும். செருப்பைப் போடுங்க.”

ஷட்டரை இறக்கினேன். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா மாஸ்டரைப் பார்த்ததும், “என்ன மாஸ்டர், மறுபடியும் காதா?” என்றார். நான் நோட்டை அவர் மேஜையில் விரித்து வைத்தேன். அவர் படித்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

“இந்த மாதிரி ரெக்கார்ட் ஒருத்தரும் எனக்குக் கொண்டுவந்து குடுத்ததில்ல. தாகம் எடுக்குதா?”

“மூணு பாட்டில்” என்றேன்.

“நான் அவரைக் கேட்டேன்” என்றார் டாக்டரம்மா.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சின்ன மெஷின் நானூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. “சர்க்கரை. இன்னைக்கு நேத்து வந்தது இல்ல மாஸ்டர், பல வருஷமா உள்ளே இருந்திருக்கும். இப்பதான் உடம்பு தாங்க முடியாம இளைக்குது. சிறுநீர்லயும் ஒண்ணு பார்க்கணும். அது சரியில்லைன்னா இங்கிருந்து நேரா பெரிய ஆஸ்பத்திரிதான்.” அதையும் பார்த்தார்கள். அது சரியாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

மாஸ்டர் எழுந்து கிளம்பப் பார்த்தார். “உக்காருங்க. கால் பார்க்கணும்” என்றார் டாக்டரம்மா.

“காலுக்கு ஒண்ணும் இல்லம்மா. கல்லு மாதிரி இருக்கு. ஆணியே குத்தினாலும்...”

“அதனாலதான் பார்க்கணும்.”

கட்டிலில் படுக்கவைத்து வலது காலைத் தூக்கி விளக்கைத் திருப்பினார். அப்படியே நின்றார். “அக்கா, இங்க வாங்க” என்று என்னைக் கூப்பிட்டார்.

குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால், சுற்றிச் சிவந்திருந்த இடத்தின் நடுவில், சின்னதாக ஒரு நீலப் புள்ளி. எங்கள் குண்டூசிகளின் தலை எல்லாமே நீலம்தான். நாற்பதாவது ஊசி.

டாக்டரம்மா இடுக்கியால் பிடித்து இழுத்தார். ஊசி முழுசாக வந்தது. மாஸ்டர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, “பார்த்துட்டீங்களாம்மா?” என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். டாக்டரம்மா ஊசியை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினார். அவர் அதன் நீலத் தலையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“எப்ப குத்துச்சு?” என்றார்.

“நேத்து எண்ணும்போதே இல்ல” என்றேன்.

புண்ணைக் கழுவி, ஊசி போட்டு, மாத்திரை எழுதினார்கள். பிறகு டாக்டரம்மா ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்துக்கொண்டு, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, வலது உள்ளங்காலில் பத்து இடங்களில் தொட்டார். தொடுகிறது தெரிந்தால் ‘இப்ப’ என்று சொல்ல வேண்டும். பத்தில் ஆறு இடத்தில் சொன்னார். நாலு இடத்தில் சும்மா படுத்திருந்தார். நான் பெடல் கதையைச் சொன்னேன்.

“பெடலைக் குறை சொல்லிட்டு இருந்தீங்களா?” என்றார் டாக்டரம்மா. “ஒரே நாள்ல வந்ததால தப்பிச்சீங்க. இந்த ஊசி ஒரு மாசம் உள்ளே இருந்திருந்தா புண்ணு ஆழமாயிருக்கும். விரல்ல ஆரம்பிச்சு எங்க வெட்டி நிறுத்துவாங்கன்னு சொல்ல முடியாது. போன நாலு இடம் திரும்பி வருமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா இந்த ஆறைக் காப்பாத்தலாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்பேன். ஆறு ஆறாவே இருந்தா, இந்தக் கால் உங்களோடதான்.”

வெளியே வரும்போது டாக்டரம்மா என்னிடம் சொன்னது இது: “காரணம் தெரியாம ஒரு மாற்றம் ரெண்டு வாரத்துக்கு மேல நின்னா வந்து காட்டிடுங்க. எடை, தாகம், கண்ணு, காலு, எதுவா இருந்தாலும் சரி. காரணத்தை நீங்களே கண்டுபிடிக்காதீங்க. அது என் வேலை.”

மூன்று மாதம் எங்கள் வீட்டில் ராணுவ ஆட்சி. ஆட்சி என்னுடையது. கடைக்குள் கெட்டிச் செருப்பு. டீயில் சர்க்கரை கிடையாது. காலையில் தெருவை நாலு சுற்று. மாத்திரை சாப்பிட்டாரா என்று நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். “நான் என்ன குழந்தையா?” என்று குதித்தார். “குழந்தையா இருந்தா கத்தியிருக்குமே, ஊசி குத்தினப்ப” என்றேன். அதற்கப்புறம் குதிக்கவில்லை. தினமும் கடை சாத்தியதும் அவர் காலை என் மடியில் வைத்து விரல் இடுக்கு விடாமல் பார்த்தேன். முதல் வாரம் வெட்கப்பட்டார். இரண்டாவது வாரம் பேப்பர் படித்துக்கொண்டே நீட்டினார். குண்டூசி எண்ணும்போது அவரும் கூட உட்கார்ந்து எண்ணினார்.

ஓரிரு வாரத்திலேயே பாட்டில் மூன்றிலிருந்து ஒன்றானது. கண்ணாடியை மாற்றாமலே நூல் ஊசிக்குள் போக ஆரம்பித்தது. காலர் முனைக்கு மட்டும் புது வழி கண்டுபிடித்தார். கடைசி நாலு தையலைக் கையால் சக்கரத்தைத் திருப்பிப் போட்டார். கச்சிதமாக நின்றது. அவர் கெத்து அவரிடமே இருந்தது.

மூன்றாம் மாதம் அதே கட்டில், அதே இழை. கண்ணை மூடிக்கொண்டார். நான் சுவரோரம் நின்று விரலில் எண்ணினேன். டாக்டரம்மா இழையைத் தூக்கினாரோ இல்லையோ, இவர் “இப்ப” என்றார். தொடவேயில்லை.

“மாஸ்டர், நான் இன்னும் ஆரம்பிக்கல.”

“காத்து பட்டுச்சு போல.”

“பரீட்சையில காப்பி அடிச்சா யாருக்கு நஷ்டம்னு யோசிங்க” என்றார் டாக்டரம்மா. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இந்த மனுஷன் இவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் ஒழுங்காகப் படுத்தார். இப்ப. இப்ப. நடுவில் ஒன்று போயிற்று. இப்ப. மறுபடி இரண்டு போயின. இப்ப. இப்ப. ஐந்து வந்துவிட்டது. ஒன்பதாவது இடம் சும்மா போயிற்று. மிச்சம் ஒன்றுதான். பெருவிரல் அடியில், பெடலை அழுத்துகிற இடத்தில், டாக்டரம்மா இழையை வைத்தார். மாஸ்டர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

“...இப்ப” என்றார்.

டாக்டரம்மா சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு தடவை அதே இடத்தைத் தொட்டார். இரண்டு தடவையும் சொன்னார். “ஆறு” என்றார் டாக்டரம்மா. “ஒண்ணுகூடப் போகல.” அவர் கண்ணைத் திறக்காமலே கையை என் பக்கம் நீட்டினார். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

கடைக்குத் திரும்பியதும் அவர் முதலில் நோட்டைத்தான் எடுத்தார். “எழுது. இடுப்பு முப்பத்தைந்து. கால் ஆறு.”

எழுதினேன். வழக்கத்தில் ஸ்கேலை எடுத்து மேல் வரியின் மேல் வைத்தேன்.

“கோடு போடாத” என்றார். “இனிமே யாரோட பக்கத்திலும் போடாத. வெட்டறதுக்கு முன்னாடி மேல இருந்து படிச்சுட்டு வரேன். ஒரு நிமிஷம் கூட ஆனா ஆகட்டும்.”

ஸ்கேலை டிராயரில் போட்டேன். அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனார். பின்னாலிருந்து முன்னாலும் ஒரு தடவை புரட்டினார்.

“உன் பக்கம் எங்க?”

“எனக்கு எதுக்கு? பழைய உடுப்பை மேல வச்சு வெட்டிக்கிறேன், சரியாத்தானே இருக்கு?”

“இருபத்தாறு வருஷமா ஊரோட அளவை எல்லாம் எழுதினவளுக்கு ஒரு பக்கம் இல்லையா?” எழுந்து வந்தார். “நில்லு.”

“அதான் கண்ணாலேயே சொல்லிடுவீங்களே மாஸ்டர்.”

“கண்ணை நம்பிக் கெட்டது போதும்” என்று கழுத்திலிருந்த டேப்பை உருவினார். கெட்டிச் செருப்பு தரையில் டக்டக்கென்று ஒலிக்க என்னைச் சுற்றி வந்து, ஒவ்வொன்றாக அளந்து, எண்ணைச் சொன்னார். தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். இடுப்பு வந்தபோது அவர் சொன்னதில் இரண்டு இஞ்சைக் குறைத்து எழுதினேன்.

தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. “ஏய்,” என்றார், “நான் சொன்னதை எழுது.”

சரியாக எழுதினேன்.